நாமா, நாங்களா

செவ்வாய்க்கிழமை கடித நாள்.
அந்த்சிராபேயின் குளிரில் மை இறங்காது,
பேனாவை அக்குளில் இடுக்கிச் சூடேற்றுவேன்.
பெத்தானியா இல்லத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள்,
நாற்பத்தொரு நார்வே முகவரிகள்,
நடுவில் ஹாந்தா என்கிற நான்,
கடிதத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள்.

பிள்ளைகள் சொல்வார்கள், நான் எழுதுவேன்.
"செருப்பு சின்னதாகிவிட்டது" என்பதை
"உங்கள் செருப்பு மிகவும் பிடித்திருக்கிறது" என்று.
பொய் இல்லை. பிடித்துத்தான் போட்டுத் தேய்த்தான்.

நிரினாவுக்கு ஒன்பது வயது.
பெயருக்கு அர்த்தம், ஆசைப்பட்டுப் பெற்றவன்.
அவன் கோப்பில் தாய் என்ற கட்டத்தில்
'இல்லை' என்று இருக்கிறது.
எழுதியவர் ராக்ன்ஹில்ட் அம்மையார்,
முப்பது வருஷம் இங்கே
அடுத்தவர் பிள்ளைகளின் காய்ச்சலுக்குக் கண்விழித்தவர்.
"உண்டு, இல்லை, இரண்டே கட்டம்தான், ஹாந்தா.
உண்டு என்று போட்டால் சோறு வராது" என்றார்.
அன்றிரவு ஜெபம் முடிந்தும்
முழங்காலிலிருந்து எழ வெகுநேரம் பிடித்தது அவருக்கு.

தாய் ரசோவா ஞாயிறுதோறும்
ஆலயத்தின் கடைசி பெஞ்சில் இருக்கிறாள்.
ஊரார் துணி வெளுத்து, சோப்பு அரித்த விரல்கள்.
ஆராதனை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளின் தலையையும் தடவுவாள்,
நிரினாவின் தலையில் மட்டும்
கை தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வாள்.

குன்வோர் என்ற பெண்மணி எழுதியிருந்தாள்:
ஈஸ்டருக்கு மலைவீட்டுக்குப் போகிறோம்,
பனியில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்போம்.
நிரினா கேட்டான், "நாமா, நாங்களா?"

அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
எங்கள் மொழி அப்படி விட்டுவிடாது:
இசிகா என்றால் கேட்கிறவனும் உள்ளே,
இஸஹாய் என்றால் அவன் வாசலுக்கு வெளியே.
பரமண்டலத்தில் இருக்கிறவரைக்கூட
எங்கள் பிதாவே என்றுதான் கூப்பிடுகிறோம்.
அவரும் வெளியேதான் நிற்கிறார்.

"நாங்கள்" என்றேன்.
தலையாட்டினான்.
பனி என்றால் என்ன என்று கேட்கவே இல்லை.

பிறகு அவன் பதில்:
"அறுப்பு முடிந்ததும் நாங்கள் வீட்டுக்குப் போவோம்."
யார் அந்த நாங்கள் என்று நான் கேட்கவில்லை,
கடைசி பெஞ்சை நானும் பார்க்கிறவள்தானே.
அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டு உறையை ஒட்டினேன்.
சொல் சரிதான்.
கதவைத்தான் சாத்தவில்லை.

ஜூலையில் குன்வோர் வந்து இறங்கினாள்.
செம்மண்ணில் உருளாத சூட்கேஸ்.
கையில் கடிதம், அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு.
"என்னையும் கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறான்."
ராக்ன்ஹில்ட் அம்மையார் என்னைப் பார்த்தார்.
நான் சூட்கேஸைப் பார்த்தேன்.

அம்மையாரே சொன்னார்,
படிவத்தை, கட்டத்தை, தன் கையெழுத்தை,
சாக்கு எதுவும் சேர்க்காமல்.
"அம்மா இருக்கிறாளா?" குன்வோர் மூன்று முறை கேட்டாள்.
மூன்றாம் முறை அது கேள்வியாக இல்லை.

நால்வராக நடந்தோம்.
எங்களைக் கண்டதும் ரசோவா
வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்,
பிள்ளையைத் திருப்பி விட்டுவிட்டார்கள் என்று.
அவனோ நேராக உள்ளே போய்
அடுப்புக்குப் பக்கத்தில், அவனிடம் போல,
உட்கார்ந்துவிட்டான்.

அடிப்பிடித்த சோற்றுப் பானையில் தண்ணீர் கொதித்தது.
மூன்று தட்டு, இரண்டு மூடி.
சோற்றோடு ஏதோ கீரை.
"வாங்க, நாம் சாப்பிடலாம்" என்றாள் ரசோவா.

இசிகா.

நிரினா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.
"என்ன சொல்கிறாள்?" என்றாள் குன்வோர்.
என்னிடம் இருந்தது அந்த ஒரே சொல்தான்,
அதையே கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டாள்.
தட்டு சுட்டது.
கை மாற்றி மாற்றிப் பிடித்தாள்,
கீழே வைக்கவில்லை.